அப்பா உட்கார்ந்திருக்கிறார்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பா எனக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டார். பல் துலக்கும்போதே வீட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிடுவேன். போன் வந்தால் நடந்துகொண்டேதான் பேசுவேன். இப்படிப்பட்டவளுக்கு, ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரா, நிற்கிறாரா, நடக்கிறாரா என்று அவர் போனை வைத்தே கண்டுபிடிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லாப் போனுக்குள்ளும் அசைவை அளக்கிற ஒரு சில்லு இருக்கிறது. இடுப்பில் போனைக் கட்டிக்கொண்டு ஒருவர் படியேறினால் அந்த அளவு ஒரு மாதிரி எழும்பி விழும், இறங்கினால் வேறு மாதிரி, படுத்தால் அடங்கிவிடும். அலுவலகத்தில் முப்பது பேரை நடக்க விட்டு, உட்கார வைத்து, படுக்க வைத்துப் பதிவு செய்தோம். அதையெல்லாம் இரண்டரை விநாடித் துண்டுகளாக நறுக்கி, இது நடை, இது படி, இது படுக்கை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதிக் கணினிக்குக் கொடுத்தோம். ஆயிரக்கணக்கில் பார்த்த பிறகு அதுவே பெயர் சொல்லக் கற்றுக்கொண்டது.

விழுவதற்கும் பதிவு வேண்டுமே. பழைய மெத்தைகளை வாங்கி மாடி அறையில் போட்டு ஆளுக்குப் பத்து முறை விழச் சொன்னோம். விழுந்தவர் பத்து விநாடி அசையாமல் கிடக்க வேண்டும் என்பது விதி. விழுந்ததும் துள்ளி எழுந்தால் துண்டுகள் கலந்துபோய்ப் பெயர் எழுத முடியாது. முப்பது பேரும் வயதில் சின்னவர்கள், சிரித்துக்கொண்டே விழுந்தார்கள், சமர்த்தாகக் கிடந்தார்கள். விழுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கிடப்பார்கள் என்று கணினி நம்பியது. நானும்தான் நம்பினேன்.

இதெல்லாம் அப்பாவுக்காகச் செய்தது என்று சொன்னால் பொய். அப்பாவுக்கும் உதவும் என்று பிறகுதான் தோன்றியது. அவருக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தைந்து வருடம் பேருந்து ஓட்டினார். அம்மா போன பிறகு இரண்டு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். போன வருடம் சமையலறையில் வழுக்கி விழுந்து, ஒரு மணி நேரம் எழ முடியாமல் தரையில் கிடந்தார். அன்றைக்கே வெளியூரிலிருந்து அண்ணன் வந்து, தன்னோடு வந்துவிடச் சொன்னான். அப்பா அசையவில்லை.

"அங்க ஜன்னலத் தொறந்தா எதிர்வீட்டுச் சுவரு. இங்க ரோடு தெரியுது. நான் எங்கயும் வரல."

அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே பேருந்து நிறுத்தம். கை வைத்த நாற்காலியைப் போட்டுக்கொண்டு வருகிற வண்டிக்கெல்லாம் மதிப்பெண் போடுவார். "இவன் கிளட்சக் கொல்றான்." "இவன் பொறந்ததுலேருந்தே பிரேக்குல காலை வச்சிருக்கான்." அதுதான் அவருடைய நாள். அதை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் ஒன்றும் இல்லை என்று அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டான். இன்னொரு தடவை விழுந்தால் பேச்சே கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டும். அப்பா ஒப்புக்கொண்டார். நான் எங்கள் செயலியை அவர் போனில் போட்டு, அதை இடுப்புப் பையில் வைத்துக் கட்டிவிட்டேன். அவர் என்ன செய்கிறார் என்று என் போனிலும் அண்ணன் போனிலும் தெரியும். விழுந்தால் அலறும்.

"வேலைல இருந்தப்ப பரிசோதகர் நடுவழியில ஏறிப் பாப்பார்," என்றார் அப்பா. "இப்ப பொண்ணு இடுப்புலயே ஏறிக்கிட்டா."

முதல் வாரமே மானம் போனது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி விழுகிற பழக்கம் அவருக்குப் போகவில்லை, வண்டியை எட்டிப் பார்க்க எழுந்தால் நாற்காலியில் தொப்பென்றுதான் திரும்ப உட்காருவார். செயலி அதை விழுந்ததாக எடுத்துக்கொண்டு அலறியது. ஐந்து நாளில் நான்கு அலறல். ஒரு தடவை நானே பக்கத்தில் நின்றிருந்தேன், அவர் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், என் போன் கையில் கத்தியது. நாலாவது முறை அண்ணன் கூப்பிட்டான்.

"இன்னொரு தடவ இது கத்துச்சுன்னா, பொய்யோ நிஜமோ, நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். என்னால இப்படி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு இருக்க முடியாது."

அன்றைக்கே உட்கார்ந்து, இல்லை, நின்றுகொண்டே ஒரு விதி எழுதினேன். ஒரே ஒரு துண்டு மட்டும் விழுந்ததாகச் சொல்லி, அதற்கு முன்னும் பின்னும் உட்கார்ந்திருக்கிற துண்டுகளாகவே இருந்தால், அந்த ஒற்றைத் துண்டையும் உட்கார்ந்திருப்பதாக மாற்றிவிட வேண்டும். நடுவில் ஒரு கணம் நிற்பதாகக் காட்டினாலும் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். இது புதிய யோசனையெல்லாம் இல்லை. கணினி அங்கங்கே உளறுவதை அக்கம்பக்கத்துத் துண்டுகளைப் பார்த்துச் சரிசெய்வது எங்கள் வேலையில் எல்லாரும் செய்வதுதான். எங்கள் அறையில் அதற்கு இஸ்திரி போடுவது என்று பெயர். அப்பாவின் பதிவுக்கு நன்றாகவே இஸ்திரி போட்டேன். அதன் பிறகு போன் கத்தவே இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் இருப்புக் கொள்ளாதே. ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்ப்பேன். 'அப்பா உட்கார்ந்திருக்கிறார்.' அரை மணி கழித்துப் பார்ப்பேன். 'அப்பா உட்கார்ந்திருக்கிறார்.' மதியம் பார்த்தாலும் அதேதான். ஒரு மனிதர் எப்படி இவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியும் என்று எனக்குக் கோபமே வந்தது. நடந்தால்தானே காலில் பலம் இருக்கும், பலம் இருந்தால்தானே விழாமல் இருப்பார் என்று நியாயமும் சேர்த்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிடுவதற்கு ஓர் ஒலி வைத்தேன். பத்து விநாடிக்குள் எழுந்தால் ஒரு நட்சத்திரம்.

என்ன ஒலி வைப்பது என்று யோசித்தபோது அப்பாவின் பேருந்து ஞாபகம் வந்தது. நடத்துநர் கயிற்றை ஒரு முறை இழுத்தால் நிறுத்து, இரண்டு முறை இழுத்தால் வண்டியை எடு. சின்ன வயதில் அவர் வண்டியில் போகும்போது அந்த இரண்டாவது மணிக்காக நான் சீட்டில் குதித்துக்கொண்டிருப்பேன். டிங் டிங். அதையே தேடிப் பிடித்து வைத்தேன். அப்பாவுக்கு ஒரே குஷி. என் போனையும் இடுப்பில் கட்டிக்கொண்டு அதிலும் அதையே போட்டேன். ஆனால் எனக்கு அது அடித்ததே இல்லை. சோதித்துப் பார்ப்பதற்குக்கூட ஒரு மணி நேரத்தை ஐந்து நிமிடமாக மாற்ற வேண்டியிருந்தது.

அப்பா பிரமாதமாக எழுந்தார். மணி அடித்த மூன்றாவது விநாடி நட்சத்திரம் விழும். ஒன்றுகூடத் தப்பவில்லை. இருபத்து மூன்று நாளில் அறுபத்தொரு நட்சத்திரம். அண்ணனே கூப்பிட்டு, "நம்ம ரெண்டு பேரையும் விட அப்பா சுறுசுறுப்பா இருக்காரு," என்றான். நிபந்தனை போட்டவன் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குத் தலை கால் புரியவில்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அப்பாவின் பதிவைத்தான் காட்டப் போகிறேன் என்று எல்லாரிடமும் தம்பட்டம் அடித்தேன்.

எதிர் மேசையில் இருப்பவருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். நாங்கள் செய்வதில் ஓட்டை தேடுவதுதான் அவர் வேலை. டீயைக் கொடுத்தால்கூட அது டீதானா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வெள்ளிக்கிழமை காலை அவரிடம் அப்பாவின் பதிவைப் பெருமையாக நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நிக்கறீங்களா? தலை சுத்துது," என்றார். "இங்க பாருங்க. பதினொண்ணு பத்துக்கு மணி அடிச்சிருக்கு. பதினொண்ணு பத்து, மூணாவது செகண்ட்ல நட்சத்திரம். எழுந்துட்டார்."

"ஆமா."

"ஆனா பதிவுல பதினொண்ணு பன்னெண்டு வரைக்கும் உட்கார்ந்திருக்கார்னு இருக்கு. நேத்தும் இப்படி ஒண்ணு. முந்தாநாளும். நட்சத்திரம் எழுந்தார்ங்குது, பதிவு எழுந்திரிக்கலங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது."

நட்சத்திரம் உடனே விழ வேண்டும் என்பதால் அது இஸ்திரி போடாத கச்சாத் துண்டுகளைப் பார்த்தே முடிவு செய்யும். பதிவு இஸ்திரி போட்ட பிறகு வருவது. எது பொய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நாற்காலியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார். நான் இஸ்திரியை எடுத்துவிட்டு அப்பாவின் இருபத்து மூன்று நாளையும் திறந்தேன்.

உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார். மணி. நிற்கிறார். விழுந்தார். உட்கார்ந்திருக்கிறார்.

ஓர் இடத்தில் இல்லை. தேடத் தேட வந்துகொண்டே இருந்தது. எண்ணினேன். பதினாலு. பதினாலும் மணி அடித்த நாலைந்து விநாடிக்குள். ஒன்றிலும் பத்து விநாடி அசையாமல் கிடக்கவில்லை. எங்கள் மெத்தைப் பிள்ளைகள் போல் அவர் கிடப்பாரா என்ன. விழுந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், நாற்காலியிலோ தரையிலோ. உட்கார்ந்தவுடன் என் விதி ஓடி வந்து அதை மூடியிருக்கிறது.

சந்தேகம் எழுந்தார். என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அப்பா வீட்டுக்குப் போகிற வழி எப்படிக் கடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் ஆட்டோவை விட்டு இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. போனைத் திறந்து பார்த்தேன். 'அப்பா உட்கார்ந்திருக்கிறார்.' வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் எழுந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதை நிறுத்திவிட என்னால் வண்டியில் இருந்தே முடியும் என்பது கூட அவர் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் உறைத்தது. உடனே நிறுத்தினேன்.

கதவைத் திறந்துகொண்டு போனபோது ஜன்னலோரம் அதே நாற்காலியில் இருந்தார்.

"என்ன இந்த நேரத்துல? வேலைய விட்டுத் துரத்திட்டாங்களா?"

"எத்தன தடவ விழுந்தீங்கப்பா?"

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. அதைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டார். "யாரு சொன்னா?"

"போன் சொல்லுச்சு."

"அது சொல்லாதே. சொல்லியிருந்தா உங்கண்ணன் அன்னைக்கே பெட்டியோட வந்து நின்னுருப்பான்." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "மொத தடவ விழுந்ததும் பயந்துட்டேன். இது கத்தப் போகுதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கத்தல. சரி, இது நம்ம பக்கம்னு நெனச்சுக்கிட்டேன்."

சட்டைக் கையை மேலே தூக்கினேன். முழங்கைக்குக் கீழே மஞ்சளும் நீலமுமாகக் கன்றியிருந்தது. போன வாரம் கேட்டதற்குக் கதவு இடித்துவிட்டது என்றார், நானும் கதவின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். பெரும்பாலும் நாற்காலியிலேயே விழுந்துவிடுவாராம். மூன்று தடவை தரையில்.

"மெதுவா எழுந்திரிச்சா என்னப்பா? யாரு துரத்தறாங்க?"

"ரெண்டு பெல் அடிச்சா வண்டிய எடுக்கணும். யோசிச்சுக்கிட்டா எடுப்பாங்க? கை தானா கியருக்குப் போகும்."

"இங்க வண்டி எங்கப்பா இருக்கு?"

"அது எனக்குத் தெரியும். ஒடம்புக்குத் தெரியுமா?" என்றார். பிறகு இடுப்புப் பையைத் தடவிக்கொண்டே சொன்னார். "அதுவும் இல்லாம, இது உன் ஆபீஸ் சமாச்சாரம். நட்சத்திரம் கொறஞ்சா உனக்குத்தான் மார்க்கு கொறைப்பாங்கன்னு நெனச்சேன். ஒண்ணு கூட விடலல்ல நான்?"

எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது. அந்தச் சின்ன அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். விழ வைத்தவள் நான். விழுந்ததை மூடியவளும் நான். அவர் எனக்காக எழுந்து எழுந்து விழுந்திருக்கிறார், நான் அதை நட்சத்திரமாக எண்ணிக்கொண்டிருந்தேன். மணியை வழியிலேயே நிறுத்திவிட்டதைச் சொன்னேன்.

"பெல்ல நிறுத்திட்ட இல்ல? அப்புறம் என்ன," என்றார் அப்பா. "இனிமே விழ மாட்டேன். உங்கண்ணன்கிட்ட சொல்லாத."

சொல்லாமல் இருக்க முடியும். பழைய பதிவு இஸ்திரி போட்டபடி அப்படியே இருக்கிறது, அண்ணனுக்கு ஆயுசுக்கும் தெரியப்போவதில்லை. ஜன்னலும் நாற்காலியும் ரோடும் அவருக்கு மிஞ்சும். ஆனால் அந்தக் கண் இருட்டு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாது. அடுத்த தடவை தரையில் விழும்போது நிமிர்ந்து உட்காருவார் என்றும் தெரியாது. ஒரு தடவை மூடி மறைத்ததற்கே பதினாலு ஆகியிருக்கிறது. போனை எடுத்தேன். அப்பா என் கையைப் பார்த்தார், அப்புறம் முகத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்க்கவே இல்லை.

"அண்ணா, அப்பா விழுந்திருக்காரு. பதினாலு தடவ."



"பதினாலா? போன் கத்தலையே."

"கத்த விடாம செஞ்சது நான். எழுப்பி எழுப்பி விழ வச்சதும் நான்தான்." ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"காலைல வர்றேன்," என்று வைத்துவிட்டான்.

அப்பாவை விட்டுவிட்டுப் போக மனம் வராமல் அங்கேயே தங்கினேன். ஒரு வார்த்தை பேசவில்லை அவர். காலையில் அண்ணன் வந்தபோது கையில் ஒரு பெரிய பெட்டி. தூக்கிய விதத்திலேயே காலிப் பெட்டி என்று தெரிந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு, "மொதல்ல டாக்டர்தானே?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் அப்பாவைப் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார். பிறகு நிற்க வைத்துப் பார்த்தார். நின்றவுடன் அது மளமளவென்று இறங்கியது. பழைய அழுத்த மாத்திரையின் அளவு இப்போது அவருக்கு அதிகம் என்று சொல்லிப் பாதியாகக் குறைத்தார். எழுவதற்கு முன் ஒரு நிமிடம் உட்கார்ந்தபடியே காலை அசைக்க வேண்டும், எதையாவது பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். "யாரு கூப்பிட்டாலும் சட்டுனு எழுந்திரிக்காதீங்க," என்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் சுவரில் தொங்கிய கண் படத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் நெடுநேரம் அந்த ஜன்னலில் நின்றான். கீழே நாலைந்து வண்டிகள் வந்து போயின.

"ஒரு மாசம் பாக்கலாம்," என்றான் கடைசியில். "இஸ்திரி கிஸ்திரி ஒண்ணும் கூடாது. உளறலோ கிளறலோ, வர்றது அப்படியே எனக்கும் வரணும். நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு நானே இருந்துக்கறேன். ஒரு மாசத்துல ஒரு தடவ விழுந்தாருன்னா, பெட்டி இங்கதான் இருக்கு."

பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு மாத்திரை வாங்கக் கடைக்குப் போனான். சனிக்கிழமை, கடையில் கூட்டம் போல. திரும்பி வர நேரமாகிக்கொண்டே இருந்தது.

நான் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ரோட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கால் துறுதுறுத்தது. எழுந்து டீ போடலாம், துணி மடிக்கலாம், சந்தேகத்துக்குப் போன் பண்ணலாம். எழுந்தால் அவர் இனிமேல் பேசவே மாட்டாரோ என்று பயமாக இருந்தது, அதனால் முக்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டிகள் வந்தன, ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஒரு கட்டத்தில் கால் துறுதுறுப்பது நின்றுவிட்டது. அது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

"இவன் பரவால்ல," என்றார் அப்பா திடீரென்று. பச்சை வண்டி ஒன்று குலுங்காமல் வந்து நின்றது. "பிரேக்கு போடத் தெரியுது."

"எத்தன மார்க்குப்பா?"

"எட்டு போடலாம்."

அடுத்த வண்டிக்கு மூன்றுதான் கொடுத்தார். அதற்கு அடுத்த வண்டி வந்துகொண்டிருந்தபோது அடித்தது.

டிங் டிங்.

அப்பாவின் இரண்டு கையும் நாற்காலிக் கைகளை இறுக்கிப் பிடித்தன. முதுகு முன்னால் வந்தது. நான் அவர் முழங்காலை அழுத்திக்கொண்டேன். அவருடைய மணியை நிறுத்தியாகிவிட்டது, நன்றாகத் தெரியும். என் இடுப்பில்தான் அதிர்ந்தது.

"உக்காருங்கப்பா. எனக்கு."

"உனக்கா?" என்னை மேலும் கீழும் பார்த்தார். "பம்பரத்துக்கா?"

ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அவர் கைகள் மெதுவாக மடிக்குத் திரும்பின. சிரித்தார், நேற்றிலிருந்து முதல் தடவையாக.

"எழுந்திரி, எழுந்திரி. நட்சத்திரம் போயிடும்."

நான் எழுந்திருக்கவில்லை. பத்து விநாடியும் போனது.